சாமி கும்பிடாத வீரனுக்கு எந்த உலகம்?

ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி. அதில் புதிய கேம்ப்பெயினுக்காக, அதாவது மாதக்கணக்கில் ஓடும் ஒரு தொடர்கதைக்காக, நாங்கள் கூடிய முதல் மாலை. ஆளுக்கொரு கேரக்டர் தாளை நிரப்பிக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவர், எப்போதும் வாள்வீரன்தான் எடுப்பார், ‘வழிபடும் தெய்வம்’ என்ற கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

“நம்ம ஆளுக்குச் சாமியெல்லாம் கிடையாது தம்பி. நாத்திகன்.”

எதிரே கிளெரிக், அதாவது தெய்வத்தின் பெயரால் மந்திரம் போடும் பூசாரி, எடுத்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “போன கதையில நீங்க செத்துப் பிழைச்சதே என் சாமி புண்ணியத்துலதான் அண்ணா.”

“பிழைக்க வச்சது உன் சாமிதான்னு யாரு சொன்னா?”

“சாமியே சொல்லுச்சு. மூணு கேள்வி கேட்டேன், மூணுக்கும் பதில் வந்துச்சு.”

அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை, விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் 9ஆம் லெவல் எட்டிய கிளெரிக் ‘காம்யூன்’ மந்திரத்தைப் போட்டுத் தன் தெய்வத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். ஆம், இல்லை என்று பதில் வரும். 10ஆம் லெவலில் தெய்வத்தையே துணைக்குக் கூப்பிடலாம். நூறு முகப் பகடையை உருட்டி, தன் லெவலோ அதற்குக் குறைவான எண்ணோ விழுந்தால் தெய்வம் தலையிடும். 20ஆம் லெவலில் பகடையே தேவையில்லை, கூப்பிட்டால் வரும். ‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. 9ஆம் லெவல் கிளெரிக் கண்டும் வருவாள், வந்து விண்டும் விடுவாள்.

ஆனால் அண்ணன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதே விதிப்புத்தகத்தில், அதே 9ஆம் லெவலில், பாட்டுப் பாடித் திரியும் பார்டும் இறந்தவரை எழுப்ப முடியும். அவனுக்குச் சாமியும் இல்லை, பூசையும் இல்லை. வீணை வாசிப்பவனும் விளக்கேற்றுபவளும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்றால், அது சாமி செய்த வேலை என்பதற்கு என்ன அத்தாட்சி?

அன்று விளையாட்டு தொடங்கவில்லை. டிஎம், அதாவது கதையை நடத்துபவன், நான்தான், உலகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் என்னுடையது. இந்த இரண்டு கேரக்டர்களும் ஒரே மேஜையில் ஒரு வருடம் ஓட வேண்டுமானால் எந்த உலகம் தாங்கும் என்று பார்க்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் தகராறு. ‘கடவுள் மறுப்பு’ என்று நாம் சொல்வதில் ‘மறுப்பு’க்கு இரண்டு முகம் உண்டு. கடன் வாங்கியதை மறுத்தான் என்றால், அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்கிறான். காசு வாங்க மறுத்தான் என்றால், காசு இருக்கிறது, அவனுக்கு வேண்டாம். நம் உலகத்து நாத்திகம் பெரும்பாலும் முதல் வகை. தெய்வம் வானத்தைப் பிளந்துகொண்டு வந்து நிற்கும் உலகத்தில் முதல் வகை நாத்திகன் அறியாதவனாகவோ பிடிவாதக்காரனாகவோதான் தெரிவான். இரண்டாவது வகைக்கோ அங்கே முழு வீச்சும் கிடைக்கும். நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே என்ற நக்கீரருக்கு எதிரே நிற்பது யார் என்பதில் துளி சந்தேகம் இல்லை. அவர் பக்தரும்கூட. இருந்தும் அந்த இடத்தில் அந்த அதிகாரத்துக்குத் தலையாட்ட மறுத்தார். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: ‘நீ இருக்கிறாய், பலசாலிதான், ஆனால் நீ கடவுள் இல்லை.’

அண்ணனின் வீரன் இந்த மூன்றில் எதைச் சொல்கிறான் என்பதைப் பொறுத்து உலகம் மாறும்.

கடைசியாகச் சொன்ன வகைக்கு வித்திட்டது டி அண்ட் டி தயாரிப்பாளர்களேதான். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் மூன்றே வகுப்புகள்: சண்டைக்காரன், மந்திரவாதி, கிளெரிக். கிளெரிக் வந்ததன் பின்னணியில் இறையியல் ஒன்றும் இல்லை. ஆர்னசனின் மேஜையில் ஒருவர் ஸர் ஃபேங் என்ற ரத்தக்காட்டேரியாக ஆடிக்கொண்டிருந்தார், அடக்க ஆளில்லாமல் போயிற்று. அவரை எதிர்க்கச் சிலுவையோடு ஒருவன் தேவைப்பட்டான், அவ்வளவுதான். பிறகு 1980இல் தெய்வங்களுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். அடி தாங்கும் உயிர்க்கணக்கான ஹிட் பாயிண்ட் கிரேக்கத்து சூஸுக்கு 400. நம் இந்திரன், அக்னி, காளிக்கும் அதில் தனித்தனியே கணக்கு உண்டு. ஹிட் பாயிண்ட் உள்ளது எதுவானாலும் அடித்தால் சாகும் என்பது இந்த ஆட்டத்தில் உட்கார்ந்த முதல் நாளே எவனுக்கும் புரிந்துவிடும். சாமிக்கும் அதையே எழுதிவைத்துவிட்டு, ‘இது வெறும் பெரிய அசுரன்தானே’ என்று ஆடுபவன் கேட்டால் கோபித்துக்கொள்ள முடியாது.

பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் உலகம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அதையே முதலில் பார்த்தேன். 1987இல் பெட்டியாக வந்தது. அங்கே தெய்வங்கள் கதைமாந்தர்கள். அந்த உலகத்துக் கணக்கில் 1358ஆம் ஆண்டில் தெய்வங்கள் உடலெடுத்து மண்ணில் நடந்தன, சில செத்தன, சாதாரண மனிதர்கள் சிலர் அவற்றின் இடத்துக்கு வந்தார்கள். தெய்வங்களுக்கும் மேலே ஆவோ என்ற ஒருவன். பக்தர்களைக் கண்டுகொள்ளாத தெய்வங்களைக் கண்டித்து, இனி உங்கள் பலம் உங்களைக் கும்பிடுபவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று சட்டம் போட்டுவிட்டான். ஆக அங்கே தெய்வத்துக்கு மனிதனின் கும்பிடு தேவை. வாக்கு கேட்கும் வேட்பாளரின் நிலைதான்.

கும்பிடாதவனுக்கு என்ன? அதற்குத்தான் ‘நம்பிக்கையற்றோர் சுவர்’. எந்தத் தெய்வத்தையும் வணங்காமல் செத்தவனின் ஆன்மாவை, மறுமையில் உள்ள தீர்ப்பு நகரத்தின் சுவரில் கல்லோடு கல்லாகப் பதித்துவிடுவார்கள். அங்கேயே மெல்லக் கரைந்து ஒன்றுமில்லாமல் போக வேண்டியதுதான். கெட்டவனாக இருந்து ஒரு கெட்ட தெய்வத்தைக் கும்பிட்டிருந்தால் அந்தத் தெய்வத்திடம் போய்ச் சேரலாம். ஊருக்கெல்லாம் நல்லது செய்து, யாரையும் கும்பிடாதவனுக்குச் சுவர். பிற்பாடு இறந்தோருக்கு நீதிபதியான கெலெம்வோர் மனிதனாகப் பிறந்தவன். மனம் கேட்காமல் நல்ல ஆன்மாக்களுக்கு நல்லிடம் கொடுத்துப் பார்த்தான். மற்ற தெய்வங்கள் அவன்மேல் வழக்குப் போட்டன. இறுதியில் அவனும் பின்வாங்க வேண்டியதாயிற்று.

இந்தச் சுவர் விளையாடுபவர்களுக்குள் கிளப்பிய எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. நெவர்விண்டர் நைட்ஸ் 2 கணினி விளையாட்டுக்கு 2007இல் வந்த விரிவாக்கம் முழுக் கதையையும் இந்தச் சுவரின் அநியாயத்தைச் சுற்றியே பின்னியது. 2015இல் வந்த வாள்கரை வழிகாட்டிப் புத்தகத்தில் சுவரைப் பற்றி இருந்த வரியை 2020 திருத்தப் பட்டியலில் எடுத்தே விட்டார்கள். ஆக இன்று அதை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் மேஜையின் விருப்பம்.

என் கணக்கில் ரெல்ம்ஸ் ‘வேண்டாம்’ என்று மறுப்பவனுக்குத்தான் பொருந்தும். சுவர் காத்திருக்கிறது என்று தெரிந்தும் கும்பிட மாட்டேன் என்பவன் எழுந்து நின்றால் கதைக்கே உயிர் வருகிறது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சுவர் செத்த பிறகுதான் வேலை செய்யும். முதல் லெவலில் கோப்ளின் குகைக்குள் தவழும் வீரனுக்கு அது எங்கோ தூரத்து மிரட்டல். சுவரை இடிக்கப் போகும் அளவுக்குக் கேம்ப்பெயினை உயர் லெவல் வரை இழுக்கும் பொறுமை உங்கள் குழுவுக்கு இருந்தால் மட்டும் எடுங்கள். பாதியில் கலையும் குழுக்களே அதிகம். கலைந்துவிட்டால், நாத்திகன் என்று எழுதியவருக்குக் கடைசியில் மிஞ்சுவது சத்திரத்தில் பூசாரியோடு செய்த இரண்டு வாய்ச்சண்டை மட்டுமே.

அடுத்தது பிளேன்ஸ்கேப், 1994. சிஜில் என்ற நகரம், எல்லா உலகங்களுக்கும் அங்கிருந்து கதவு உண்டு. தெய்வங்கள் அந்த நகரத்துக்குள் நுழைய முடியாது. அங்கே ஆதார் என்றொரு கட்சி. (நம்முடைய ஆதார் அட்டையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், எங்கள் மேஜையில் அந்தச் சிரிப்பு அடங்கவே பத்து நிமிடம் ஆயிற்று.) இவர்களுடைய வாதம் நான் மேலே சொன்ன நடுவகை: தெய்வங்கள் எனப்படுபவை இருக்கின்றன, பலசாலிகள், ஆனால் பிறக்கின்றன, சண்டை போடுகின்றன, சாகின்றன, சாவது எப்படிக் கடவுள் ஆகும்? இடம் தேர்ந்ததிலும் அவர்கள் குறும்புக்காரர்கள். கதவுகளின் தெய்வமான ஆவோஸ்கார் செத்த பிறகு இடிந்து கிடந்த கோயிலையே அலுவலகமாக்கிக்கொண்டார்கள். தலைவர் டெரன்ஸ் முன்பு மிஷகால் என்ற தெய்வத்தின் பூசாரியாக இருந்து விட்டு வந்தவர்.

இவர்களில் சிலர் எல்லாவற்றுக்கும் அப்பால் பெயரில்லாத ஒன்று இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அந்த ‘அறியவொண்ணாப் பெரும்பொருளி’டமிருந்து மந்திரம் பெறும் கிளெரிக்குகளும் உண்டு. வாதம் பண்ணுவதில் ருசி உள்ள குழுவுக்கு இதற்கு இணையான உலகம் இல்லை. எங்கள் மேஜையில் ஆறு பேர், அதில் இருவர் சண்டை எப்போது வரும் என்று பகடையை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பிளேன்ஸ்கேப் எடுத்தால் மூன்றாவது செஷனில் அவர்கள் போனை எடுத்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் தள்ளிவைத்தேன்.

பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் கோலாரியன் உலகத்தில் ரஹதூம் என்றொரு நாடு. அங்கே மதப் போர்கள் பல பத்தாண்டுகள் நாட்டையே சுட்டெரித்தன. கடைசியில் மிஞ்சியவர்கள், எவனும் எந்தத் தெய்வத்துக்கும் கடமைப்பட்டவனாக இருக்கக்கூடாது என்று சட்டமே இயற்றிவிட்டார்கள். தூய படை என்ற காவலர் பூசாரிகளைப் பிடிப்பார்கள். தெய்வங்கள் இருப்பதை யாரும் மறுப்பதில்லை. அவை நமக்கு வேண்டாம், அவ்வளவே. அந்த உலகத்தில் கெய்டன் கேலியன் என்ற வாள்வீரன் குடிபோதையில் பந்தயம் கட்டி விண்கல் சோதனைக்குள் நுழைந்து தெய்வமாகவே வெளியே வந்தான், உள்ளே என்ன செய்தான் என்று அவனுக்கே நினைவில்லை. இப்படிப்பட்ட தெய்வத்தை வேண்டாம் என்று சொல்ல ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா?

ரஹதூமில் முன்பு ஒருமுறை மூன்று செஷன் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே நாத்திகத்துக்கு விலை உண்டு, அது விதியிலேயே தெரிகிறது. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் ஒரு சுற்று 6 விநாடி, ஒருவருக்கு மூன்று செயல். கிளெரிக் அதில் இரண்டு செயல் செலவழித்து, தூரத்திலிருந்தே ஓர் எட்டுமுகப் பகடையில் விழுந்ததோடு எட்டையும் சேர்த்து அத்தனை ஹிட் பாயிண்ட் குணமாக்கிவிடுவாள். மருத்துவன் அதே புண்ணுக்குக் கட்டுப்போட 10 நிமிடம் உட்கார வேண்டும், பகடையும் திறனும் சேர்ந்து 15ஐ எட்டினால் இரண்டு எட்டுமுகப் பகடை அளவு ஆறும். சண்டைக்கு நடுவே ஆற்றும் தேர்ச்சி வைத்திருந்தாலும் ஒருவருக்கு நாளுக்கு ஒரு தடவைதான். இரண்டாவது செஷனில் ஒருவன் விழுந்து கிடக்கிறான், வேற்றுநாட்டுப் பூசாரி ஒருத்தி மறைவாக வந்து, “ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஆற்றிவிடுகிறேன்” என்கிறாள். சட்டப்படி அவள் கை பட்டாலே குற்றம். மேஜையில் யாரும் பேசவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே ரஹதூமை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன், குழு முழுக்க நாத்திகர்களாக இருந்தால்.

எங்கள் குழு அப்படி இல்லை. கிளெரிக் எடுத்தவள் அங்கே போனால் கதை முழுக்க ஒளிந்தே திரிய வேண்டும். ஒருத்தரின் கேரக்டருக்காக இன்னொருத்தரின் கேரக்டரைக் குற்றவாளியாக்குவது டிஎம் வேலை இல்லை.

இன்னும் சில உலகங்களை வேகமாகத் தாண்டுகிறேன். 1991இன் டார்க் சன்னில் தெய்வங்களே கிடையாது. நிலம், நீர், நெருப்பு, காற்றிலிருந்து பூசாரிகள் பலம் பெறுவார்கள், ஆட்சி செய்யும் மந்திர அரசர்கள் தம் ஆட்களுக்கு மந்திரம் வழங்குவார்கள். ஓர் அரசி பட்னா என்ற தெய்வத்தைத் தானே இட்டுக்கட்டி அதன் பெயரால் ஆள்கிறாள். பிரமாதமான கதைச்சரடு. ஆனாலும் எல்லோரும் சாமி இல்லை என்று இருக்கும் ஊரில் நாத்திகன் என்று ஒருவன் தனியாகத் தெரிய மாட்டான். 1984இன் டிராகன்லான்ஸில் தெய்வங்கள் மனிதர்களை விட்டு விலகியிருக்கின்றன, திரும்பி வரப்போகின்றன. அங்கே நாத்திகன் தவறு என்று நிரூபிப்பதற்காகவே கதை எழுதப்பட்டிருக்கிறது. கிரெக் ஸ்டாஃபர்டின் குளோராந்தாவில், 1978 முதல் ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டத்தின் வழியே, பெரும்பாலோர் ஏதாவது ஒரு வழிபாட்டுக் குழுவில் இருப்பார்கள். தெய்வத்தைக் கூப்பிட்டு அது வந்தால், பகடையில் விழுந்த எண் அளவுக்கு உங்கள் ஆன்மபலமே கழிந்துபோகும். விலை எழுதி ஒட்டிய அற்புதம். எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் புதிதாக விதி கற்க யாரும் தயாராக இல்லை.

மிஞ்சியது எபரான். அதில்தான் நான் நின்றேன்.

2002இல் டி அண்ட் டி வெளியீட்டாளர்கள் புது உலகத்துக்குப் போட்டி வைத்தார்கள், 11,000க்கும் மேற்பட்ட யோசனைகள் வந்தன, வென்றது கீத் பேக்கரின் எபரான். புத்தகம் 2004இல் வந்தது. அங்கே தெய்வங்கள் நேரில் வருவதில்லை. வானுலகத்து தேவதூதர்களும் அவற்றைப் பார்த்ததில்லை, அவர்களுக்கும் நம்பிக்கைதான். கிளெரிக்கின் மந்திரம் வேலை செய்கிறது, ஆனால் அதைத் தருவது தெய்வமா, நம்புகிறவளின் நம்பிக்கையா என்பதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் பொது விதிப்படி கிளெரிக்கின் குணம் (நல்லவர், கெட்டவர் என்ற வகைப்பாடு) தன் தெய்வத்தின் குணத்திலிருந்து ஒரு படிக்கு மேல் விலகக்கூடாது. எபரான் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. ஊழல் பூசாரி ஒருவன் காணிக்கையைச் சுருட்டிக்கொண்டே, மறுநாள் காலையில் அதே தெய்வத்தின் பெயரால் காய்ச்சலையும் குணமாக்கலாம்.

வோலின் குருதி என்றொரு சமயமும் அங்கே உண்டு. சாவையும் நோவையும் நம் தலையில் எழுதிய தெய்வம் ஒன்று இருந்தால் அது நமக்கு எதிரி, தெய்வீகம் என்று ஒன்று இருந்தால் அது நம் குருதியில்தான் என்கிறார்கள். அவர்களுடைய கிளெரிக்கும் காயத்தை ஆற்றுகிறாள். செத்தவர்கள் எல்லோரும், கும்பிட்டவன் கும்பிடாதவன் பேதமில்லாமல், டோலர் என்ற சாம்பல் உலகத்துக்குப் போய் மெல்ல நினைவிழக்கிறார்கள். சுவர் இல்லை. பயந்து கும்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

இதுவரை நாத்திகனுக்காகவே தேடினேன். எபரானைப் படித்த பிறகுதான் கிளெரிக்கின் பக்கம் கண் போயிற்று. ரெல்ம்ஸில் அவளுக்கு நம்பிக்கை என்று எதுவும் தேவைப்படவில்லை. கேட்டால் பதில் வருகிறது, கூப்பிட்டால் ஆள் வருகிறது. அது ஒப்பந்தம், பக்தி என்று சொல்ல மாட்டேன். போன கேம்ப்பெயினில் அவள் பிரார்த்தனை செய்ததாக எனக்கு ஒரு காட்சிகூட நினைவில்லை. மந்திரப் பட்டியலைப் பார்த்து, “காம்யூன் போடுறேன்” என்பாள், அவ்வளவுதான். எபரானில் அதே காம்யூனைப் போட்டாலும், வந்த பதில் யாருடையது என்பதை நான் சொல்லப் போவதில்லை. அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அண்ணனின் வீரனுக்குச் சந்தேகப்பட இடம் கொடுக்கும் அதே இடைவெளிதான் அவளுக்கு நம்புவதற்கும் இடம் கொடுக்கிறது. இவர்கள் இருவருக்கும் தேவைப்பட்டது ஒரே பொருள்.

இதற்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. தெய்வத்தோடு நேருக்கு நேர் நின்று மல்லுக்கட்ட ஆசைப்படும் நாத்திகனுக்கு எபரான் ஏமாற்றம் தரும். கத்துவதற்கு எதிரே ஆள் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கு ரெல்ம்ஸையே கொடுங்கள், சுவரையும் சேர்த்து.

அடுத்த வாரம் கூடியபோது அண்ணனிடம் நேராகக் கேட்டேன். “உங்க ஆளு சாமி இல்லைங்கிறானா, வேணாம்கிறானா?”

கொஞ்சம் யோசித்தார். “தெரியலைங்கிறான் தம்பி. கும்பிடறவங்களுக்கும் தெரியாதுன்னு நினைக்கிறான்.”

எபரான்தான் என்று அப்போதே உறுதியாயிற்று. தெய்வம் என்ற கட்டத்தில் இழுத்த கோட்டை அவர் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை.

எட்டு மாதம் ஓடி, 9ஆம் லெவலில் அவருடைய வீரன் ஒரு பாலத்தின் மேல் செத்தான். கிளெரிக் 500 பொற்காசு மதிப்புள்ள வைரத்தை எடுத்து வைத்தாள், எழுப்பும் மந்திரத்துக்கு அது வேண்டும். விதியில் இன்னொன்றும் உண்டு: ஆன்மா சம்மதித்தால்தான் திரும்பும், கூப்பிடுகிறவரின் பெயரும் குணமும் அவர் வணங்கும் தெய்வமும் அந்த ஆன்மாவுக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் வர மறுக்கலாம். நான் மூன்றையும் சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தேன்.

“பேரு தெரியுது, குணம் தெரியுது,” என்றார். “அந்த மூணாவது, அவ நினைச்சுக்கிட்டிருக்கிறதுதானே?”

“ஆமா.”

“அப்போ அவளுக்காக வர்றேன்னு எழுதிக்க.”

“அண்ணா,” என்றாள் கிளெரிக், வைரத்தைத் தன் தாளிலிருந்து அடித்துக்கொண்டே, “கூப்பிட்டது நான் மட்டும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”